குழந்தை குளூட்டன் சாப்பிட்டுவிட்டதா? அறிகுறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியானதிலிருந்து சொந்தக்காரர்கள், பள்ளிக்கூடத்து அம்மாக்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். கேட்பதெல்லாம் அநேகமாக ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டெஸ்ட், மருந்து விஷயத்தில் உங்கள் குழந்தைகள் நல டாக்டர் சொல்வதுதான் முடிவு.

குளூட்டன்னா என்ன? அது எதுல எல்லாம் இருக்கு?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அது குளூட்டனின் வேலை. மைதா, ரவை, சேமியா எல்லாமே கோதுமைதான். ரவையை ஏதோ தனித் தானியம் என்று நினைத்துக்கொண்டு, "சப்பாத்தி கொடுக்கறதில்ல, உப்புமாதான் கொடுக்கிறேன்" என்பவர்கள் நிறையப் பேர். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பருப்பு வகைகள் எதிலும் இயற்கையாகக் குளூட்டன் கிடையாது.

பெரும்பாலான குழந்தைகளைக் குளூட்டன் ஒன்றும் செய்வதில்லை. சீலியாக் உள்ள குழந்தைக்கு மட்டும், குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. டர்க்கி டவலின் நூல்கள் மாதிரி குடலின் உள்சுவரில் நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடும். அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் சத்து உடம்பில் சேராது.

இது வடநாட்டுக்காரங்களுக்கு வர்றதுதானே? நமக்கு ஏது?

ஆய்வுகளின்படி வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு உண்டு. தென்னிந்தியாவில் அதைவிட மிகவும் குறைவு. ஆனால் இந்த நோய்க்கு வழிவிடும் எச்.எல்.ஏ. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற மரபணுக்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு இருக்கின்றன. மரபணு இருப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும் என்பது வேறு விஷயம். பெரிய வித்தியாசம் தட்டில்தான். அங்கே மூன்று வேளையும் ரொட்டி, இங்கே சோறு.

இன்று நம் வீட்டுக் குழந்தையின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் பால் பிஸ்கட், பள்ளியில் சேமியா உப்புமா, சாயங்காலம் நூடுல்ஸ், ராத்திரி சப்பாத்தி. சோறு ஒரு வேளைதான். அதனால் "நமக்கு வராது" என்று தள்ளிவிட வேண்டாம். இந்தப் பக்கம் அரிதான நோய் என்பதால் டாக்டருக்கும் இது முதலில் நினைவுக்கு வராமல் போகலாம். நீங்களே வாய் திறந்து கேட்பதில் தப்பில்லை.

முதல்ல எந்த வயசுல, எப்படித் தெரியும்?

குளூட்டன் உள்ளே போகாமல் நோய் தலைகாட்டாது. ஆறு மாதத்துக்கு மேல் இணை உணவு ஆரம்பித்து, அதில் கோதுமையும் சேர்ந்த சில மாதங்களில், அதாவது ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுக்குள், பழைய பாணி அறிகுறிகள் தெரிய ஆரம்பிக்கும். வாரக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு, பானை மாதிரி முன்தள்ளிய வயிறு, அதற்குச் சம்பந்தமே இல்லாத குச்சிக் கை கால், எடை ஏறாமை, சாப்பாட்டைக் கண்டாலே முகம் திருப்புவது. குளிக்க வைக்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். சதை வற்றித் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் அதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

யாரும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளாத ஒன்று, சிடுசிடுப்பு. நாள் முழுக்க நச்சரிப்பு, இடுப்பை விட்டு இறங்காமை, எதற்கெடுத்தாலும் அழுகை. "பிடிவாதக்காரி" என்று பெயர் வாங்கிய குழந்தை, கோதுமையை நிறுத்திய சில வாரங்களில் சிரிக்க ஆரம்பித்ததாகப் பல அம்மாக்கள் சொல்வார்கள். எடை ஏறுவதற்கு முன்பே இந்த மாற்றம்தான் கண்ணில் படும்.

மலத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது, சந்தேகப்படலாம். கொழுப்பு செரிக்காமல் வெளியேறுவதால் மலம் வெளிறி, அளவில் அதிகமாக, பளபளவென்று இருக்கும். தண்ணீர் ஊற்றினாலும் சுலபத்தில் போகாமல் ஒட்டிக்கொள்ளும். நாற்றம் வழக்கத்தைவிட மோசமாக இருக்கும். ஒரு நாள் இப்படிப் போனால் விட்டுவிடலாம். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

என் பையனுக்கு மலச்சிக்கல்தான். அப்ப இது சீலியாக் இல்லன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. சீலியாக் உள்ள குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு மலச்சிக்கல்தான் இருக்கும். சிலருக்கு வயிற்றுக் கோளாறே இருக்காது. இரும்புச்சத்து மருந்து மாதக்கணக்கில் கொடுத்தும் ஏறாத ரத்த சோகை, வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளமாக நிற்பது, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், முளைத்த நிரந்தரப் பற்களில் குழியும் கோடும், காரணமில்லாத சோர்வு. இவற்றில் ஒன்று மட்டுமே வெளியே தெரியலாம்.

வயிறு உப்பியே இருக்கு. பூச்சி மருந்து கொடுத்தும் போகல. குளூட்டனா இருக்குமா?

நம் ஊரில் வயிறு உப்பினால் முதலில் பூச்சி என்பார்கள். தப்பில்லை, பூச்சி நிறையக் குழந்தைகளுக்கு இருக்கிறது; அதனால்தான் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். நடக்கப் பழகிய குழந்தைக்குச் சாப்பிட்டதும் தொப்பை தள்ளுவதும் சகஜம். எடை ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம்.

தடுப்பூசி அட்டையில் வளர்ச்சிக் கோடு போடும் பக்கம் இருக்கிறதல்லவா, அதை எடுங்கள். கோடு முதலில் நன்றாக ஏறி, கோதுமை உணவு ஆரம்பித்த பிறகு படுத்துவிட்டதா அல்லது கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், நூறு அறிகுறிகளை விவரிப்பதைவிட அந்த ஒரு பக்கத்தை டாக்டரிடம் நீட்டுவது மேல். பலர் தடுப்பூசி போட்டதும் அட்டையைப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள்.

சந்தேகமா இருக்கு. ரெண்டு வாரம் கோதுமையை நிறுத்திப் பார்த்துட்டு அப்புறம் டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். முதலில் எடுப்பது டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) அளவு. குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் டி.டி.ஜி. சரியாகக் காட்டும். நிறுத்தினால் அளவு இறங்கத் தொடங்கும், குடலும் ஆற ஆரம்பிக்கும். டெஸ்ட் நார்மல் என்று வரலாம், நோய் உள்ளேயே இருக்கும். மறுபடி வாரக்கணக்கில் கோதுமை கொடுத்து டெஸ்ட் எடுப்பது குழந்தைக்குக் கொடுமை. தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோபியில் குடல் சதை எடுத்துப் பார்ப்பார்கள். ரத்த அளவு மிக அதிகமாக இருந்தால், இன்னொரு ரத்தப் பரிசோதனையோடு உறுதி செய்து சதை எடுப்பதைத் தவிர்க்கும் வழிமுறையும் உண்டு. எதுவானாலும் எல்லாம் முடியும்வரை கோதுமை தொடர வேண்டும்.

"நிறுத்திப் பார்த்துத்தானே கண்டுபிடிச்சாங்க" என்று ஒருவர் கேட்டார். அவர் சொன்னது நெதர்லாந்து குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே பற்றி. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோய்க் குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்ததும் அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கின. உண்மைதான். ஆனால் அவர் காலத்தில் இந்த ரத்தப் பரிசோதனை கிடையாது. நமக்கு இருக்கிறது.

கோதுமை அலர்ஜியும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. அலர்ஜி நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்தில் காட்டும். தோல் தடித்துத் தடிப்புத் தடிப்பாகச் சிவப்பது, உதடும் கண்ணிமையும் வீங்குவது, இருமல், மூச்சில் விசில் சத்தம், வாந்தி. மூச்சுத் திணறினாலோ குழந்தை துவண்டாலோ அது உயிருக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி. சீலியாக்கில் மூச்சு அடைக்காது, முகம் வீங்காது. பாதிப்பு குடலில் மெதுவாகச் சேரும். டெஸ்ட்டும் வேறு, எச்சரிக்கையும் வேறு. அலர்ஜி சில குழந்தைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். சீலியாக் வாழ்நாள் முழுக்க இருக்கும்.

சீலியாக் இருக்குற குழந்தை தெரியாம பிஸ்கட் சாப்பிட்டுட்டா. எவ்வளவு நேரத்துல தெரியும்?

வாந்தி வருவதாக இருந்தால் பெரும்பாலும் சாப்பிட்ட ஒன்று இரண்டு மணி நேரத்தில், சில சமயம் அதற்கும் சற்றுத் தாமதமாக வரும். வயிற்று வலி, உப்புசம், காற்றுப் பிரிவது சில மணி நேரத்தில். வயிற்றுப்போக்கு அன்று ராத்திரியோ மறுநாளோ. சோர்வும் சிடுசிடுப்பும் அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் இழுக்கலாம். சில குழந்தைகளுக்கு இதில் எதுவுமே வராது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டாலும், ஒரே குழந்தைக்குப் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும். என் மகளுக்கு முதலில் முகம் வெளுக்கும், கொட்டாவி விடுவாள், அப்புறம்தான் வயிற்றைப் பிடிப்பாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, என்ன ஆயிற்று என்று எழுதி வையுங்கள். மூன்று நான்கு முறை எழுதினால் உங்கள் குழந்தையின் வரிசை பிடிபடும்.

இன்னொன்று. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் பெரிதாக வாந்தி எடுக்காத குழந்தை, குளூட்டனை அறவே விடும் பத்தியம் ஆரம்பித்த பிறகு துளி பட்டாலும் எடுக்கிறதே என்று பயப்படுவார்கள். இப்படி நடப்பதுண்டு. நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை.

வாந்தி எடுத்தா குளூட்டனா, இல்ல வயித்துல கிருமியான்னு எப்படிப் பிரிக்கறது?

முழுதாகப் பிரிக்க முடியாது. காய்ச்சல் இருந்தால், வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால், வகுப்பில் பாதிப் பேர் லீவு என்றால் கிருமியைச் சந்தேகியுங்கள். குளூட்டன் காய்ச்சல் வரவழைக்காது. மாறாக, வெளியே சாப்பிட்ட பிறகு திடீரென வந்து, காய்ச்சலே இல்லாமல், வேறு யாருக்கும் இல்லாமல் இருந்து, மேலே சொன்ன உங்கள் குழந்தையின் வரிசையோடு ஒத்துப்போனால் குளூட்டனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றையும் குளூட்டன் தலையில் கட்டுவதும் ஆபத்து. சீலியாக் குழந்தைக்கும் குடல்வால் அழற்சி வரும், சிறுநீர்த் தொற்று வரும்.

இன்னும் பேசத் தெரியாத குழந்தைக்கு எப்படிக் கண்டுபிடிக்கறது?

உடம்பு பேசும். முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுவது, குப்புறப் படுக்க விரும்புவது, தூக்கத்தில் புரண்டு எழுவது, பிடித்த வாழைப்பழத்தையே தள்ளுவது, டயப்பர் வழக்கத்தைவிட நாறுவது. தனித்தனியாக எதற்கும் மதிப்பில்லை. பல் முளைத்தாலும் பாதி அறிகுறி இதேதான். இரண்டு மூன்று சேர்ந்து வந்து, முந்தின நாள் சாப்பாட்டில் சந்தேகமும் இருந்தால் குறித்து வையுங்கள்.

மூன்று நான்கு வயதில் எந்த வலியானாலும் தொப்புளைத்தான் காட்டும். "எங்க வலிக்குது" என்பதைவிட "விளையாடப் போறியா" என்று கேட்டுப் பாருங்கள். விளையாட ஓடினால் பெரும்பாலும் பயமில்லை.

வீட்ல கோதுமையே வாங்கறதில்ல. ஆனா அறிகுறி வருது. எங்கிருந்து?

முதலில் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு என்று எல்லாவற்றிலும் அது போகிறது. கோதுமையே இல்லாத வீட்டில் தினமும் கோதுமை நுழையும் வாசல் இதுதான். அரிசி மாவு கலந்தது என்று தெளிவாக எழுதியதையோ, கலப்பில்லாத பால் பெருங்காயத்தையோ வாங்குங்கள்.

அடுத்தது மாவு மில். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், உங்கள் அரிசி மாவின் முதல் பகுதியில் அதுவும் வரும். கேழ்வரகு கொடுத்தும் குழந்தை தேறவில்லை என்கிற வீடுகளில் நான் கேட்கும் முதல் கேள்வி, "எங்க அரைச்சீங்க?" வீட்டு மிக்ஸியில் அரைப்பது கஷ்டம்தான், ஆனால் ஆரம்ப மாதங்களில் அதுதான் வழி. தானியத்தை வாங்கியதும் தட்டில் பரப்பிக் கலப்பு பொறுக்கிக் கழுவிக் காயவைத்து அரையுங்கள்.

சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை, மைதா போண்டா பொரித்த எண்ணெயில் வடை, கோதுமை கலந்த சத்துமாவு, பார்லி மால்ட் சேர்ந்த சத்து பானங்கள், சோயா சாஸ், சோன்பப்டி, கோதுமைப் பாலில் கிண்டும் திருநெல்வேலி அல்வா, கோயிலில் கொடுக்கும் ரவா கேசரி. ஓட்ஸும் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே வருவதால் சாதாரணப் பாக்கெட் ஓட்ஸ் வேண்டாம். அப்புறம் யாரும் நினைக்காதது, குழந்தைகள் பிசைந்து விளையாடும் வண்ண மாவு. பலவற்றில் கோதுமை இருக்கிறது. தொட்டால் ஒன்றுமில்லை, ஆனால் இந்த வயதில் எதைத்தான் வாயில் வைக்காமல் விடுகிறார்கள்?

ஒரு துளி பட்டாக்கூடவா ஆகாது? எவ்வளவு வரை பரவாயில்ல?

ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் வரை பெரும்பாலானவர்களுக்குக் குடல் பாதிப்பதில்லை என்றும், தினமும் 50 மில்லிகிராம் மாதக்கணக்கில் போனால் பாதிக்கும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு ஸ்லைஸ் பிரெட்டில் சுமார் 2 கிராம் இருக்கும். அதை நாற்பது துண்டாக்கினால் ஒரு துண்டு 50 மில்லிகிராம். இவ்வளவுதான் விஷயம். இந்தியாவில் ஒரு பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

"நேத்து கேக் சாப்பிட்டா, ஒண்ணுமே ஆகல. கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துப் பழக்கலாமே"ன்னு மாமியார் சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?

பாட்டிகள் எல்லோருமே சொல்வதுதான், பாசத்தில் சொல்வது. வெளியே ஒன்றும் தெரியவில்லை என்றால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. அறிகுறியே இல்லாமல் குடல் தேய்ந்துகொண்டே போவது சீலியாக்கில் சகஜம். ரத்த சோகையும் வளர்ச்சிக் குறைவும் பிறகு ஒரு நாள் வந்து நிற்கும். பழக்கினால் பழகுகிற நோயும் இது இல்லை.

பேசிப் புரிய வைப்பது கஷ்டம் என்றால் அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள். மருமகள் சொன்னால் "ரொம்பப் படிச்சவ" என்பார்கள், அதையே டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

தெரியாம சாப்பிட்டுட்டா என்ன மருந்து கொடுக்கணும்? எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

உள்ளே போன குளூட்டனை முறிக்கும் மருந்து கிடையாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பட்டினி போடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பசித்தால் அரிசிக் கஞ்சி, இட்லி, வாழைப்பழம். ஓய்வு. அடுத்த வேளையிலிருந்து பத்தியம் பழையபடி. ஒரு முறை தவறியதில் எல்லாம் பாழாகிவிட்டது என்று அழ வேண்டியதில்லை.

ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்து நாக்கு வறண்டிருக்கிறது, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் மயங்கி மயங்கித் தூங்குகிறது, வயிற்றைத் தொடவிடாமல் அலறுகிறது. இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். குளூட்டனா இல்லையா என்ற ஆராய்ச்சியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நேத்து சாப்பிட்டாளான்னு ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடுமா?

தெரியாது. மேலே சொன்ன டி.டி.ஜி. அளவு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். பத்தியம் தொடங்கி அது நார்மலுக்கு வரவே ஒன்று இரண்டு வருடம் ஆகலாம். ஒரு பிஸ்கட்டை அது காட்டிக்கொடுக்காது. இறங்கி வந்த அளவு மறுபடி ஏறினால், தொடர்ந்து எங்கிருந்தோ உள்ளே போகிறது என்று அர்த்தம். பெருங்காயத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

தம்பிக்கு எட்டு மாசம். அவனுக்கும் வருமா? கோதுமையே கொடுக்காம வெச்சா வராதா?

கூடப் பிறந்தவர்களுக்குச் சுமார் பத்தில் ஒருவருக்கு வரலாம், அதனால் அறிகுறி இல்லாவிட்டாலும் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். கோதுமையைத் தள்ளிப்போட்டால் நோய் வராமல் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நான்கு மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், முதலில் அதிக அளவு வேண்டாம் என்பதே ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டல். பால் கொடுக்கும் அம்மா சப்பாத்தியை விட வேண்டியதில்லை. அவனுக்கு எப்போது டெஸ்ட் என்று அக்காவின் டாக்டரிடமே கேளுங்கள், டெஸ்ட் முடியும்வரை கோதுமையை நிறுத்தக்கூடாது என்று மேலே சொன்னது அவனுக்கும் பொருந்தும்.

பள்ளிக்கூடத்துல என்ன சொல்லி வைக்கணும்?

"அலர்ஜி" என்று சொன்னால் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள் என்பது உண்மை. ஆனால் முகம் வீங்கவில்லை என்றதும் "ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடுவார்கள். நோயின் பெயரைச் சொல்லி, என்ன கொடுக்கக்கூடாது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அரசுப் பள்ளி என்றால் காலை உணவுத் திட்டத்தில் ரவா உப்புமா, சேமியா உப்புமா, கிச்சடி முறை வைத்து வரும்; அங்கன்வாடி சத்துமாவிலும் கோதுமை உண்டு. சத்துணவுக் கூடத்து அக்காவிடம் நேரில் பேசுங்கள். தலைமை ஆசிரியரிடம் கொடுத்த கடிதத்தைவிட அதுவே வேலை செய்யும். பிறந்தநாள் கேக்குக்கு மாற்றாகக் கடலை மிட்டாய் டப்பா ஒன்றை டீச்சரிடம் கொடுத்து வைக்கலாம்.

ஒரு வருஷமா பத்தியம் சரியா இருக்கு, ஆனா வயித்து வலி நிக்கல. அப்ப டெஸ்ட்டே தப்பா?

அநேகமாக இல்லை. முதலில் மறைந்து வரும் குளூட்டனைத் தேடுங்கள், இடங்கள் மேலே உள்ளன. அது இல்லையென்றால், குடல் தேய்ந்திருந்தபோது பால் சர்க்கரையைச் செரிக்கும் திறனும் குறைந்திருக்கும். அது திரும்பச் சில மாதம் ஆகும். பால் குடித்த பிறகு வலி அதிகமாகிறதா என்று பாருங்கள். கோதுமை போய் அரிசியே பிரதானமானதில் நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் பிடித்திருக்கலாம். இது நிறைய வீடுகளில் நடக்கிறது.

நான்கைந்து வயதாகிவிட்டால் இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை மற்றவர்களிடம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, திட்டுவார்கள் என்று மறைக்கும். "சாப்பிட்டியா?" என்று அதட்டினால் "இல்ல" என்றுதான் வரும். "பிஸ்கட் நல்லா இருந்துச்சா? எத்தனை சாப்பிட்ட?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், உண்மை வரும். உண்மை சொன்னதற்காக அன்று திட்டாதீர்கள். அடுத்த முறை அது சொல்லாவிட்டால், காலண்டர் தாளில் எழுத உங்களிடம் ஒன்றும் இருக்காது.